குழந்தை நெடிலும் பெரியவர் நெடிலும்: அளந்து ஒப்பிடுவது எப்படி?

திருவையாறு பக்கத்து ஆறு வயதுக் குழந்தை 'மூட்டை' என்று சொல்லும்போது, நெடிலைப் பெரியவர்கள் அளவுக்கு நீட்டுகிறதா? முதல் முயற்சிக்குக் கேள்வி இவ்வளவு சின்னதாக இருந்தால் போதும். 'குழந்தைகள் பேச்சு எப்படி மாறுபடுகிறது' என்று கிளம்பினால் எதை அளப்பது என்பதிலேயே மாதம் ஓடிவிடும். தேவையானவை: ஒலிப்பதிவுக்கு ஒரு செல்போன், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பேச்சொலியை அளக்கும் பிராட் (Praat) என்ற இலவச மென்பொருள், எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ்.

1. சொற்களைப் பொறுக்குங்கள்

முட்டை–மூட்டை, பட்டு–பாட்டு, கட்டு–காட்டு. இந்த ஜோடிகளில் ஒரு வசதி இருக்கிறது. உயிருக்குப் பின்னால் 'ட்ட' வருவதால் உயிர் முடியும் இடம் பளிச்சென்று தெரியும். 'கல்–கால்' எடுத்தால் 'ஆ' எங்கே முடிந்தது, 'ல்' எங்கே தொடங்கியது என்று நீங்களே உங்களோடு சண்டை போட வேண்டிவரும்.

2. பதிவு செய்யுங்கள்

பெற்றோரிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் போனை எடுக்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள். பம்புசெட் ஓடாத நேரமாகப் பாருங்கள். குறுவை அறுப்பு மெஷின் வயலில் நிற்கும் நாளில் பதிவை நினைக்கவே வேண்டாம். கோப்பு வேவ் வடிவில் இருக்கட்டும்.

நெல் மூட்டைப் படத்தைக் காட்டி, "இது என்னப்பா?" என்று கேளுங்கள். "இது மூட்டைதான்" என்று முழு வாக்கியமாகச் சொல்லப் பழக்குங்கள். 'பட்டு' மாதிரி படத்தில் பிடிபடாத சொல்லுக்கு, படிக்கத் தெரிந்த குழந்தையிடம் எழுதிக் காட்டலாம். நீங்கள் சொல்லி, அதைத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். குழந்தை உங்கள் நீட்டலையே நகலெடுத்துவிடும்.

வயதையும் குறுக்கிக்கொள்ளுங்கள். நான்கு வயதையும் பத்து வயதையும் ஒரே குழுவில் சேர்த்தால் வரும் சராசரி யாருக்கும் பொருந்தாது.

3. அளவெடுங்கள்

பிராட்டில் 'மூட்டை'யைத் திறந்தால் மேலே அலைவடிவம், கீழே ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்களைக் கறுப்பு வெளுப்பில் காட்டும் படம்). 'ம்' மங்கலாக இருக்கும். கறுத்த பட்டைகள் சட்டென்று அடர்த்தியாகும் இடத்தில் உயிர் தொடங்குகிறது. 'ட்ட' வரும்போது அலை தட்டையாகிவிடும், அதுதான் முடிவு. இடைப்பட்ட நேரத்தை மில்லி செகண்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல், கொஞ்சம் கோப்புகளை மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் புள்ளியியலுக்குப் போய்ப் பயனில்லை.

4. ஒரு ஆளுக்கு ஒரு எண்

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எட்டுக் குழந்தைகள் ஆளுக்கு இருபது முறை சொன்னால் எக்செலில் 160 வரிசை வரும். ஆனால் உங்களிடம் இருப்பது 160 சாட்சி அல்ல, எட்டுதான். ஒரே வயலில் இருபது கதிரைப் பறித்துவிட்டு இருபது வயலின் விளைச்சலைப் பார்த்ததாகச் சொல்வது போன்றது அது. 160 வரிசையையும் அப்படியே சோதனையில் போட்டால், இல்லாத வித்தியாசமும் இருப்பதாகக் காட்டிவிடும்.

அதனால் எக்செலில் பிவட் டேபிள் (வரிசைகளை ஆள்வாரியாகச் சுருக்கும் அட்டவணை) போட்டு, ஒவ்வொருவருக்கும் நெடில் சராசரி, குறில் சராசரி எடுங்கள். அப்புறம் நெடிலைக் குறிலால் வகுங்கள். ஏன் வகுக்க வேண்டும்? குழந்தைகள் பொதுவாகவே மெதுவாகப் பேசுவார்கள். அவர்கள் குறிலும் நீளும், நெடிலும் நீளும். மில்லி செகண்டை மட்டும் ஒப்பிட்டால் பேச்சு வேகத்தைத்தான் அளந்திருப்பீர்கள். விகிதம் எடுத்தால் அந்த வேகம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

ஆட்களைக் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள். அதே எட்டுப் பேரை இன்னும் பத்து முறை சொல்லவைப்பதைவிட அதில் பலன் அதிகம்.

5. சோதனை

எட்டுக் குழந்தைகள், எட்டுப் பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இந்தப் பதினாறு பேரின் விகிதங்களையும் புள்ளிகளாக வரைந்து பாருங்கள். குழந்தைகளின் புள்ளிகள் அதிகம் சிதறியிருக்கும். ஒரே குழந்தைகூட ஒரு சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். இரண்டு குழுவின் சராசரிகளை ஒப்பிட டி-சோதனை உதவும். ஆனால் சிதறல் சமமில்லாததால் சாதாரண டி-சோதனை வேண்டாம், சமமில்லாத சிதறலுக்கான வெல்ச் டி-சோதனை போடுங்கள். எக்செலின் டி.டெஸ்ட் ஃபங்ஷனில் முதலில் இரண்டு குழுவின் எண்கள், பிறகு 2, கடைசியில் 3. அந்த 3தான் வெல்ச்.

கணக்குக்காக நானே வைத்த எண்கள் இவை: குழந்தைகள் எட்டுப் பேர், சராசரி விகிதம் 1.8, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 0.30. பெரியவர்கள் எட்டுப் பேர், 2.1, 0.15. வித்தியாசம் 0.3. திட்ட விலக்கங்களை வர்க்கமாக்கி, தலா எட்டால் வகுத்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப் பிழை 0.119. 0.3ஐ அதால் வகுத்தால் டி மதிப்பு 2.53, பி மதிப்பு சுமார் 0.03. அதாவது, உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ தற்செயலாக வர நூற்றுக்கு மூன்று வாய்ப்பு.

பி மதிப்போடு நின்றுவிடாதீர்கள். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை, 0.04 முதல் 0.56 வரை வருகிறது. வித்தியாசம் அற்பமாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம் என்று பொருள். எட்டுப் பேரை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது. கட்டுரையில் இந்த இடைவெளியை எழுதாமல் விடுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

6. சுருதியை ஒப்பிடுவதானால்

பெரியவர்களில் ஆண்களையும் பெண்களையும் கலக்காதீர்கள். ஆண் குரல் சுமார் 120 ஹெர்ட்ஸ், பெண் குரல் சுமார் 210. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சராசரி எடுத்தால் அது யார் குரலும் இல்லை. ஹெர்ட்ஸை செமிடோனாக (இசையில் சுருதிப் படியை அளக்கும் அலகு) மாற்றிவிட்டு ஒப்பிடுவது நல்லது. ஃபார்மன்ட் (ஸ்பெக்ட்ரோகிராமில் உயிரொலியைக் காட்டும் அந்தக் கறுத்த பட்டைகள்) பார்க்கிறவர்கள் பிராட்டில் மேல் எல்லையை மாற்ற வேண்டும்: ஆண்களுக்கு 5000 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 5500, சின்னக் குழந்தைக்கு 8000 வரைகூடப் போகலாம்.

ஆளுக்கு ஒரு எண்ணாகச் சுருக்காமல் எல்லா வரிசையையும் வைத்துக்கொண்டே கணக்குப் போடவும் வழி உண்டு. அதற்குக் கலப்பு மாதிரி என்று பெயர்; ஆர் மென்பொருளில் எல்எம்இ4 தொகுப்பு அதைச் செய்யும். மேலே சொன்னது கைக்கு வந்த பிறகு அதைத் தொடலாம்.