நாவூவுக்கு ஒரு பயணம்: மார்மன் வரலாற்று மாநாடும் பழைய இடங்களும், முதல்முறை போகிறவர்களுக்கு

மார்மன்களின் வரலாறு அமெரிக்க வரைபடத்தில் மேற்கே நகர்ந்துகொண்டே போகும். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் கிறிஸ்துவைப் பின்பற்றும் புதிய சபையாக இதைத் தொடங்கினார். அங்கிருந்து ஒஹாயோவில் கர்ட்லண்ட், மிசூரியில் இண்டிபெண்டன்ஸும் ஃபார் வெஸ்ட்டும், பிறகு இல்லினாயில் நாவூ, கடைசியில் 1847இல் பிரிகம் யங் தலைமையில் யூட்டா. புத்தகத்தில் படித்த சூட்டில் இது எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் வரிசையாகப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பாதி நாள் நெடுஞ்சாலையில் போய்விடும், மீதிப் பாதியில் எந்த ஊரில் எது நடந்தது என்று குழம்பிவிடும். ஒரு வட்டாரம், ஒரு மாநாடு, முன்னும் பின்னும் சில நாட்கள், அவ்வளவு போதும். இங்கே நாவூவை வைத்துச் சொல்கிறேன். வேறு ஊரில் மாநாடு என்றால் ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

படி 1: எந்த மாநாடு என்று முடிவு செய்யுங்கள்

மார்மன் மாநாடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சால்ட் லேக் சிட்டியில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும் பொது மாநாடு. 21,000 பேர் உட்காரும் அரங்கம், சபைத் தலைவர்களின் உரைகள், பாடகர் குழு. பார்க்க வேண்டியதுதான், ஆனால் அது வழிபாட்டுக் கூட்டம். நான் சொல்வது வரலாற்று ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் கூடும் சின்ன மாநாடுகளை. 1965இல் தொடங்கிய மார்மன் வரலாற்றுச் சங்கம் கோடையின் தொடக்கத்தில் கூடும். 1972இல் தொடங்கிய ஜான் விட்மர் வரலாற்றுச் சங்கம் பெரும்பாலும் செப்டம்பரில் கூடும். இரண்டுமே ஆண்டுக்கு ஆண்டு ஊர் மாற்றும், பழைய இடங்கள் இருக்கும் ஊர்களைத் தேடிப் போகும்.

நீங்கள் சபை உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, பேராசிரியராகவும் இருக்க வேண்டியதில்லை. கட்டணம் கட்டினால் யாரும் போகலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் விட்மர் சங்கத்தைத்தான் சொல்வேன். கூட்டம் சிறியது, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலையில் கட்டுரை வாசித்தவராகவே இருப்பார், கூச்சப்படாமல் பேச்சுக் கொடுக்கலாம்.

படி 2: இடம் முதலில், மாநாடு பிறகு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: மாநாடு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஊருக்குப் போய்விடுங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். வியாழக்கிழமை ஓடிவந்து பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, உரைகளைக் கேட்டுவிட்டு, நேரம் மிஞ்சினால் இடங்களைப் பார்க்கிறார்கள். அப்படிப் போனால் "செங்கல் கடையின் மாடியில்", "ஹோம்ஸ்டெட்டின் பின்புறம்" என்று பேசுகிறவர் சொல்லும்போது நமக்கு ஒன்றும் கண்ணில் விரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய இடங்களில் வழிகாட்டுகிறவர்கள் பெரும்பாலும் சபையின் ஊழியர்கள். அன்பானவர்கள், நிறையத் தெரிந்தவர்கள், ஆனால் விசுவாசத்தின் பார்வையில் கதை சொல்கிறவர்கள். மாநாட்டில் அதே கதையை விசுவாசிகள், சபையை விட்டு வெளியேறியவர்கள், எந்தச் சபையையும் சேராதவர்கள் எல்லோரும் ஒரே அறையில் வைத்து அலசுவார்கள். முதல் கதையைக் கேட்காமல் அலசலை மட்டும் கேட்டால் பாதிதான் புரியும்.

படி 3: தேதி, பதிவு, விசா

நிகழ்ச்சி நிரல் முழுதாக வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம். தேதியும் ஊரும் தெரிந்ததும் அறையைப் பிடித்துவிடுங்கள், ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து. நாவூவில் இப்போது சுமார் ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள், தங்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜூலை மாதத்தில் திறந்தவெளி நாடக விழா நடக்கும், அப்போது ஊரே நிரம்பி வழியும். இடம் கிடைக்கவில்லை என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அயோவாவில் கியோகக், ஃபோர்ட் மேடிசன் இரண்டும் பக்கம்தான்.

பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். விருந்து, பேருந்துச் சுற்றுலா இரண்டுக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம். விருந்தை விட்டாலும் விடுங்கள், பேருந்தை விடாதீர்கள். மண் பாதை வழியாகப் போக வேண்டிய இடங்களுக்கு, அந்த இடத்தையே வருடக்கணக்காக ஆராய்ந்தவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவது வேறு எங்கே கிடைக்கும்? இருக்கைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு: சாதாரண பி1/பி2 விசா போதும். நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். பதிவு செய்த ரசீதை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

படி 4: போய்ச் சேர்வது

நாவூவில் விமான நிலையமும் கிடையாது, ரயில் நிலையமும் கிடையாது. காரில் சிகாகோவிலிருந்து சுமார் ஐந்து மணி நேரம், செயின்ட் லூயிஸிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். மோலின் ஊரில் இருக்கும் குவாட் சிட்டீஸ் விமான நிலையம் இன்னும் கிட்ட, ஆனால் அங்கே வரும் விமானங்கள் குறைவு. ரயில்தான் வேண்டும் என்றால் சிகாகோவிலிருந்து ஆம்ட்ராக்கின் சவுத்வெஸ்ட் சீஃப் ஃபோர்ட் மேடிசனில் நிற்கும், நாளுக்கு ஒரு முறை. இறங்கியபின் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கூப்பிட்டால் வரும் டாக்சியை நம்பி இந்தப் பக்கம் போகாதீர்கள். வாடகைக் கார் எடுங்கள், அல்லது மாநாட்டுக்காரர்களுக்கு எழுதி யாராவது ஏற்றிக்கொள்வார்களா என்று கேளுங்கள். கேட்டால் நிச்சயம் யாராவது முன்வருவார்கள், அந்தக் கூட்டம் அப்படி.

ஃபோர்ட் மேடிசன் வழியாக வந்தால் மிசிசிப்பியின் மேல் 1927இல் கட்டிய இரண்டடுக்குப் பாலத்தைக் கடப்பீர்கள். கீழே ரயில், மேலே கார். சரக்குப் படகு வந்தால் பாலத்தின் ஒரு பகுதி அப்படியே பக்கவாட்டில் திரும்பி வழிவிடும், நீங்கள் வண்டியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவசரமான நாளில் கியோகக் வழியாக வாருங்கள். ஹாமில்ட்டனிலிருந்து ஆற்றங்கரையை ஒட்டி வரும் 96ஆம் எண் சாலை அழகும்கூட.

படி 5: நாவூவில் முதல் நாள்

காலையில் பார்வையாளர் மையத்துக்குப் போய் அன்றைய நேரப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிச் சவாரி, மாலை நாடகங்கள் எல்லாம் இலவசம், ஆனால் சிலவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம் நேராக ஆற்றங்கரைக்கு. ஸ்மித் குடும்பத்தின் மரவீடான ஹோம்ஸ்டெட், எதிரே மேன்ஷன் ஹவுஸ், கொஞ்சம் தள்ளி செங்கல் கடை. இந்தக் கடையின் மாடியில்தான் 1842 மார்ச் 17 அன்று பெண்களின் நிவாரணச் சங்கம் தொடங்கியது, ஜோசப்பின் மனைவி எம்மா ஸ்மித் அதன் முதல் தலைவி. இந்த மூன்று இடங்களின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் மாநாட்டில் நடக்கும் பாதி விவாதம் புரியும். 1844இல் கணவர் கொல்லப்பட்டபின் எம்மா யூட்டாவுக்குப் போகவில்லை, இங்கேயே இருந்துவிட்டார். அவருடைய மகன் மூன்றாம் ஜோசப் 1860இல் தனிச் சபைக்குத் தலைவரானார். அதன் இன்றைய பெயர் கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட். அதனால் ஊரின் கீழ்ப்பகுதியில் ஸ்மித் குடும்ப இடங்கள் அந்தச் சபையிடமும், மற்றவை பிரிகம் யங் வழிவந்த யூட்டா சபையிடமும் பல பத்தாண்டுகள் இருந்தன. 2024 மார்ச்சில் யூட்டா சபை இவற்றையும் கர்ட்லண்ட் கோயிலையும் சில கையெழுத்துப் படிகளையும் சேர்த்து 19.25 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்டிலிருந்து பலர் வரும் விட்மர் சங்கத்துக் கூட்டத்தில் வயதானவர்கள் சிலருக்கு இது இன்னும் ஆறாத விஷயம். தேநீர் இடைவேளையில் இந்தப் பேச்சை எடுப்பதற்குமுன் யாரிடம் பேசுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோம்ஸ்டெட் பக்கத்திலேயே ஜோசப், அவருடைய அண்ணன் ஹைரம், எம்மா மூவரின் கல்லறைகள். எதிரிகள் தோண்டிவிடுவார்கள் என்று பயந்து சகோதரர்கள் இருவரின் உடல்களையும் ரகசியமாகப் புதைத்தார்கள். 1928இல்தான் அவற்றைக் கண்டுபிடித்து எம்மாவுக்குப் பக்கத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். நிற்கும் இடத்திலிருந்து ஆற்றைப் பாருங்கள். 1840களில் ஆறு இவ்வளவு அகலம் இல்லை, 1913இல் கியோகக் அணை கட்டி முடித்தபின் நீர்மட்டம் உயர்ந்து பழைய கரையின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது.

மதியத்துக்குமேல் கொல்லர் பட்டறை, ரொட்டிக் கடை, பிரவுனிங்கின் துப்பாக்கிப் பட்டறை. குழந்தைகளோடு போனால் இங்கேயே ஒரு நாள் ஓடிவிடும், தனியாகப் போனால் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு நகரலாம். மேட்டின் மேல் இருக்கும் கோயில் பழையது அல்ல. பழையது 1848இல் தீக்கிரையானது, மிஞ்சிய சுவர்களை 1850இல் சூறாவளி சாய்த்தது. இப்போது இருப்பது 2002இல் திறந்த மறுகட்டுமானம். உள்ளே போக சபையின் பரிந்துரைச் சீட்டு வேண்டும், மற்றவர்கள் வெளியே சுற்றிவரலாம். மாலையில் பார்லி தெருவில் ஆறுவரை நடந்துபோங்கள். 1846 பிப்ரவரிக் குளிரில் ஊரைவிட்டு வெளியேறியவர்கள் வண்டிகளை இறக்கிய தெரு அது, வழிநெடுக அவர்களின் சொந்த வரிகளைப் பலகைகளில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

படி 6: இரண்டாம் நாள் கார்த்தேஜ்

அரை மணி நேரப் பயணம். சின்னக் கல் சிறைச்சாலை, மாடியில் ஓர் அறை. தன்னை விமர்சித்த நாவூ எக்ஸ்பாசிட்டர் என்ற செய்தித்தாளின் அச்சகத்தை உடைக்க ஜோசப்பும் நகர மன்றமும் உத்தரவிட்டது 1844 ஜூன் 10. அந்த வழக்கில் சரணடைந்தபின் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் காவலில் இருந்தபோதுதான் ஜூன் 27 மாலை முகத்தில் சாயம் பூசிய கும்பல் புகுந்து ஜோசப்பையும் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. கதவில் குண்டு துளைத்த ஓட்டை இன்னும் இருக்கிறது. வழிகாட்டிகள் கும்பலைப் பற்றி விரிவாகவும் அச்சகத்தைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்வார்கள். அந்தச் செய்தித்தாள் வெளிவந்தது ஒரே ஒரு இதழ், அதில் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு பலதார மணம். இதை மனதில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள், மாநாட்டில் உங்களுக்குக் கேட்கக் கேள்வி கிடைத்துவிடும்.

படி 7: மாநாட்டில் நடந்துகொள்வது

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அறைகளில் அமர்வுகள் ஓடும். எல்லாவற்றுக்கும் அறைக்கு அறை ஓடாதீர்கள். முந்தின இரவு நிரலில் குறித்துக்கொள்ளுங்கள், பார்த்த இடத்தைப் பற்றிய கட்டுரைக்கு முதலிடம். கேள்வி நேரத்தில் சுருக்கமாகக் கேளுங்கள், நம் ஊர்க் கூட்டங்களில் கேள்வி என்ற பெயரில் ஒரு குட்டிச் சொற்பொழிவு நிகழ்த்தும் அண்ணன்கள் அங்கேயும் உண்டு, நீங்களும் அதில் சேர வேண்டாம். யூட்டா சபையினர் இப்போது தங்களை மார்மன் என்று அழைப்பதை விரும்புவதில்லை, சபையின் முழுப் பெயரையோ (தி சர்ச் ஆஃப் ஜீசஸ் கிறைஸ்ட் ஆஃப் லேட்டர் டே செயின்ட்ஸ்) "லேட்டர் டே செயின்ட்" என்பதையோ சொல்லுங்கள்.

சாப்பாடு: சைவக்காரர்கள் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள், அப்படியும் சாலடும் உருளைக்கிழங்கும்தான் வரும் என்று எதிர்பாருங்கள். நாவூவில் உணவகங்கள் குறைவு, சீக்கிரம் மூடுவார்கள், ஞாயிறு இன்னும் மோசம். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், சின்ன ரைஸ் குக்கர், பெரிய கடை இருக்கும் ஊரில் வாங்கிய தயிர், கவலை விட்டது.

புத்தக மேசைகளில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காதவை விலைகுறைவாகக் கிடைக்கும். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் 23 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் தபால் நிலையத்தில் மீடியா மெயில் என்று கேட்டால் புத்தகங்களை மலிவாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம், மெதுவாகத்தான் வரும்.

படி 8: கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் மிசூரி

நாவூவிலிருந்து கான்சஸ் சிட்டி பக்கம் காரில் நான்கு மணி நேரத்துக்குமேல். லிபர்ட்டி சிறையில் ஜோசப் 1838 டிசம்பரிலிருந்து அடுத்த ஏப்ரல்வரை அடைபட்டிருந்தார், பார்வையாளர் மையத்துக்குள்ளேயே அதைக் குறுக்குவெட்டாக மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ஃபார் வெஸ்ட்டில் வயலும் கோயிலின் மூலைக் கற்களும்தான் மிச்சம். மார்மன்களை ஒழிக்கவோ விரட்டவோ வேண்டும் என்று ஆளுநர் போக்ஸ் 1838 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவு 1976வரை ரத்தாகாமல் இருந்தது. இண்டிபெண்டன்ஸில் ஒரே சந்திப்பைச் சுற்றி வெவ்வேறு சபைகளின் கட்டடங்கள் நிற்கின்றன. கோயில் கட்ட 1831இல் ஜோசப் குறித்த நிலம் டெம்பிள் லாட் என்ற மிகச் சிறிய சபையிடம் இருக்கிறது, எதிரே கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட் கட்டிய, சங்கு வடிவில் சுருண்டு உயரும் கோயில். அது எல்லோருக்கும் திறந்தது, உள்ளே போய் உட்காரலாம்.

இப்படிப் போனால் காரைக் கான்சஸ் சிட்டியில் விட்டுவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறலாம். வேறு ஊரில் காரை விடுவதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு, பதிவு செய்யும்போதே மொத்தத் தொகையைப் பாருங்கள். மிசூரி வேண்டாம், மாநாடு முடிந்ததும் வீடு என்றாலும் ஞாயிறு பிற்பகல் விமானம் மட்டும் போடாதீர்கள். ஞாயிறு காலை கடைசி நிகழ்ச்சி இழுத்துக்கொண்டு போகும், எல்லோரும் எல்லோரிடமும் விடைபெறுவார்கள், விமான நிலையமோ பல மணி நேரம் தள்ளி. திங்கள் காலைக்குப் போடுங்கள்.