சக்கு பிட்டைப் பிடிக்கவில்லையா? மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கம்பத்தில் காலையில் ஜீப் ஏறினால் லோயர் கேம்ப் தாண்டி, மலைப்பாதை வளைவெல்லாம் சுற்றி, குமுளியில் இறங்குவேன். அலமாரி, கதவு, கட்டில் மாட்டுகிற வேலை. இப்போது அங்கே பாதி வீடுகளில் சொந்தமாகவே ஒரு கார்ட்லெஸ் ட்ரில் இருக்கிறது. மழை தொடங்கிவிட்டால் யாராவது ஒருவர் அதை என்னிடம் நீட்டி, "அண்ணாச்சி, சக்கு போயி" என்பார். ஓட்டை போடுகிற கம்பி பிட், அதை ட்ரில்லின் முனையில் கவ்விப் பிடிக்கிற வாய் சக்கு. பிட் உள்ளேயே வழுக்குகிறதாம், ஓட்டை விழவில்லையாம். வாங்கித் திறந்து பார்த்தால் பெரும்பாலும் சக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

முதல் தவறு, எது வழுக்குகிறது என்று பார்க்காமலே முடிவு கட்டுவது. சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். அது கிளட்ச். ஸ்குரூ தலை பிய்ந்துவிடாமல் இருக்க, குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் விட்டுவிடுவது அதன் வேலை. அதை 5-இல் வைத்துக்கொண்டு தேக்கில் ஓட்டை போட்டால் மோட்டார் ஓடும், கடகடவென்று சத்தம் வரும், சக்கும் பிட்டும் சேர்ந்து நின்றுவிடும். வளையத்தை ட்ரில் படம் போட்ட இடத்துக்குத் திருப்பினால் தீர்ந்தது. இதற்காகப் புதுச் சக்கு வாங்கி வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

சந்தேகமாக இருந்தால் பிட்டை இறுக்கிவிட்டு, பிட்டின் தண்டிலிருந்து சக்கின் வாய் வரை மார்க்கர் பேனாவால் ஒரே கோடு இழுங்கள். ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகி நின்றால் பிடி வழுக்குகிறது. கோடு அப்படியே இருந்தால் பழி சக்கின் மேல் இல்லை.

சரி, பிடிதான் வழுக்குகிறது என்று வையுங்கள். குமுளிப் பக்கம் நான் அதிகம் பார்க்கிற காரணம் தேங்காயெண்ணெய். சிரிக்காதீர்கள். மலை ஈரத்துக்குப் பிட்டெல்லாம் ஒரே வாரத்தில் துரு ஏறும். அதற்காக வீட்டில் கைக்குக் கிடைக்கிற எண்ணெயைத் தடவி டப்பாவில் போட்டு வைப்பார்கள். அப்படியே எடுத்துச் சக்கில் மாட்டுவார்கள். உள்ளே இருப்பது மூன்று தாடைகள், அவ்வளவுதான். சாய்வான தடத்தில் முன்னால் வந்து, மூன்று பக்கமும் தண்டை நெருக்கிப் பிடிக்கின்றன. இரும்பும் இரும்பும் உரசுவதுதான் மொத்தப் பிடியும். நடுவில் எண்ணெய் போனால் எங்கே பிடிக்கும்? அதோடு தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஜூலை மாதக் காலையில் குமுளியில் அது மெழுகு மாதிரி இருக்கும். அதில் மரத்தூளும் சிமென்ட் தூளும் ஒட்டிக் குழைந்து தாடைகளின் தடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு தாடை கொஞ்சம் பின்தங்கினாலும் பிட் நடுவில் நிற்காது. ஆடும், அப்புறம் வழுக்கும்.

பிட்டுக்கு எண்ணெய் தடவுவது தவறில்லை. மாட்டும் முன் தண்டை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சக்கைச் சுத்தம் செய்ய, பேட்டரியைக் கழற்றிவிட்டு வாயை முழுக்கத் திறந்து கீழே பார்க்கப் பிடியுங்கள். பழைய டூத்பிரஷ்ஷைக் கொஞ்சம் மண்ணெண்ணெயில் தொட்டுத் தேய்த்து, சக்கைப் பத்துத் தடவை திறந்து மூடி, துணியால் ஒற்றி எடுத்து, காயவிடுங்கள். கிரீஸ் வைக்காதீர்கள். தலைக்கு மேலே, தளத்தில் ஓட்டை போடுகிறவர்கள் இதை அடிக்கடி செய்ய வேண்டும், விழுகிற தூளெல்லாம் நேராகச் சக்கின் வாய்க்குள்தான் போகிறது.

அடுத்தது இறுக்கும் விதம். ஒரு கையால் சக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டி இறுக்குவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். நானும் செய்திருக்கிறேன், உள்ளங்கைத் தோல் உரிந்தபிறகுதான் விட்டேன். அப்படி இறுக்கினால் பிடி பாதிதான் ஏறும். அதே மாதிரி ஓட்டித் திறந்தால் தாடைகள் கடைசி வரை போய் முட்டி, சக்கே இறுகிக்கொள்ளும். கையால் திருகுங்கள். சில சக்குகளில் இறுகியபின் டிக் டிக் என்று சத்தம் வரும். முதல் சத்தத்தோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு மூன்று வரும்வரை திருப்ப வேண்டும். இறுக்கியபின் விசையை லேசாகத் தொட்டு ஓட்டி, பிட்டின் நுனி வட்டம் போடுகிறதா என்று பாருங்கள். வட்டம் போட்டால் மெல்லிய பிட் இரண்டு தாடைகளுக்கு நடுவில் மாட்டியிருக்கும்.

பிட்டின் நுழைவும் முக்கியம். தண்டு தாடைகளின் முழு நீளத்துக்கும் உள்ளே போக வேண்டும். நுனியில் மட்டும் கவ்வினால் தாடைகளின் வாய் நாளடைவில் அகன்றுவிடும், அது திரும்பாது. அதற்காகச் சுருள் பள்ளம் வரை உள்ளே தள்ளவும் கூடாது. ஒருமுறை வழுக்கிய பிட்டின் தண்டை விரலால் தடவிப் பாருங்கள், சுரசுரவென்று வரி வரியாகக் கீறியிருக்கும். அதை அரத்தால் தேய்த்துச் சமமாக்காமல் மறுபடி மாட்டினால் மறுபடி வழுக்கும். பெரிய பிட் வாங்கும்போது முடிந்தால் ஆறு பட்டைத் தண்டு உள்ளதாக வாங்குங்கள். மூன்று தாடையும் மூன்று பட்டையில் உட்கார்ந்துகொள்ளும், வழுக்க வழியில்லை.

கான்கிரீட்டை அடித்துத் துளைக்கிற ரோட்டரி ஹாமர் மிஷினுக்கென்று வருகிற எஸ்.டி.எஸ். பிட்டை இந்தச் சக்கில் மாட்டவே கூடாது. அதன் தண்டு 10 மில்லிமீட்டர், பக்கத்தில் காடி வெட்டியிருக்கும். 13 மில்லிமீட்டர் சக்கில் நுழையத்தான் செய்யும். ஆனால் தாடை காடியில் விழுந்தால் பிடி ஒழுங்காக இருக்காது. கான்கிரீட் பீமில் சுத்தியல் மோடில் நாள் முழுக்க ஓட்டுவதும் அப்படித்தான். அந்த அதிர்வு சக்கைத் தானாகத் தளர்த்தும். நாலு ஓட்டை என்றால் நடுவில் ஒருமுறை இறுக்கிக்கொள்ளலாம். நாற்பது என்றால் ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்கள்.

இத்தனையும் பார்த்தபின்னும் வழுக்கினால் தாடை தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றும்போது நடக்கிற தவறு ஒன்று உண்டு. வாயை முழுக்கத் திறந்தால் அடியில் ஒரு ஸ்குரூ தெரியும். எல்லா மிஷினிலும் இருக்காது, இருந்தால் பெரும்பாலும் அது இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், வேகமாகத் திருப்பினால் தலை பிய்யும். வலப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும். அதன்பின் சக்கு வழக்கமான மரையில் இடப்பக்கம் கழலும். புதுசு வாங்கக் கடைக்குப் போகும்போது பழையதையும் கையில் எடுத்துப் போங்கள். அரை அங்குல மரையா, மூன்று சூத்து மரையா (அதாவது எட்டில் மூன்று அங்குலம்) என்று கடைக்காரர் பின்பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.