சாரணர் கூட்டத்தைத் தொடங்குவதும் முடிப்பதும்: புதிய சாரண ஆசிரியர்களுக்கு

புதிதாகச் சாரணர் படை தொடங்கிய ஆசிரியர்கள் பெரும்பாலும் என்னிடம் விளையாட்டுகள் பற்றியும் முடிச்சுகள் பற்றியும் கேட்பார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, உங்கள் கூட்டத்தை யார் தொடங்கி வைக்கிறார், யார் முடித்து வைக்கிறார் என்பதைத்தான். "நான்தான் சார்" என்று பதில் வந்தால், விளையாட்டைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவேன். தொடக்கமும் முடிவும் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான வழியைத்தான் சொல்லப் போகிறேன்.

குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். என் படையில் லுங்கித் தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள், பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள், தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறவன், உருது பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன் மூவரும் ஒரே அணியில் நிற்பார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒருவன் கொடிக்கம்பத்தின் கீழே நின்று "ட்ரூப், அலர்ட்!" என்று குரல் கொடுத்ததும் முப்பது பேர் நிமிர்ந்து நிற்கிறார்கள். அவனுக்கு அதை வேறு எங்கே கொடுக்க முடியும்?

முதலில் இடம். பள்ளி விட்ட பிறகு மாலையில்தான் நமக்கு நேரம். வேலூர்ப் பக்கத்து நாலரை மணி வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். லாட வடிவத்தில் நிற்கும்போது திறந்த பக்கத்தில் கொடிக்கம்பம் வரும், எல்லோர் கண்ணும் அங்கேதான். கம்பம் மேற்கே இருந்தால் பிள்ளைகள் சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். அதனால் கம்பத்தைக் கிழக்கே நடுங்கள். மைதானத்தில் புங்கமரமோ வேப்பமரமோ இருந்தால் லாடத்தின் வளைவு அந்த நிழலில் விழுகிற மாதிரி பாருங்கள். கம்பத்துக்கு நல்ல சவுக்குக் கட்டை போதும், உச்சியில் ஒரு கப்பி. கப்பிக்கு மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விடும் வேலையை ஒரு அணியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பள்ளியின் தேசியக் கொடிக்கம்பத்தையே பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தேசியக் கொடி பறக்கும் கம்பத்தில் வேறு எந்தக் கொடியையும் சேர்த்து ஏற்றக் கூடாது. அதற்கு மேலாகவும் பக்கவாட்டில் இணையாகவும் வேறு கொடி வரக் கூடாது. சாரணர் கொடிக்குத் தனிக் கம்பம் வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. அதுவும் தேசியக் கொடி இறங்கிய பிறகு நம் கூட்டம் தொடங்கினால் இன்னும் நல்லது.

கொடி கட்டுவதைத்தான் நான் மிகவும் நிதானமாகச் சொல்லிக் கொடுப்பேன். பாரத சாரண சாரணியர் கொடி கருநீலம். நடுவில் மஞ்சள் நிறச் சின்னம், சின்னத்துக்குள் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம். கொடியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடிக்க வேண்டும். கயிறு தைத்த ஓரம் வெளியே தெரியட்டும். காற்றில் ஆடும் ஓரத்திலிருந்து கயிற்று ஓரத்தை நோக்கி இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். மேல்முனையில் இருக்கும் சிறு கட்டையை ஏற்றுகயிற்றின் கண்ணியில் மாட்டுங்கள். கீழ்முனைக் கயிற்றை ஏற்றுகயிற்றின் மறுமுனையோடு ஷீட் பெண்ட் முடிச்சால் இணையுங்கள். வெவ்வேறு தடிமன் உள்ள இரண்டு கயிறுகளைச் சேர்க்க ஏற்ற முடிச்சு இதுதான். வகுப்பறையில் போட்டுப் பழகிய முடிச்சு எதற்கு உதவும் என்று பையன் கண்ணால் பார்க்கும் இடமும் இதுதான்.

இனி, கீழே தொங்கும் அந்தக் கயிற்றால் சுருளை இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும். கடைசிச் சுற்றுக்கு அடியில் கயிற்றை ஒரு வளையமாக மடித்துச் செருகுங்கள். முனையைச் செருகினால் கொடி விரியாது, வளையமாகச் செருகினால்தான் கீழிருந்து ஒரே இழுப்பில் நழுவும். மேலே ஏற்றுவதற்கு முன் தரையிலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டச் சொல்லுங்கள். ஆடி மாதத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் தளர்வாகக் கட்டிய சுருள் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே விரிந்துவிடும். ஏற்றிய பின் இரண்டு கயிறுகளையும் கம்பத்தோடு சேர்த்து இலேசாகக் கட்டி வையுங்கள், இழுவிசை சுருளுக்குப் போகக் கூடாது.

இவ்வளவு செய்தும் சில நாள் கொடி விரியாது. "சார், கவுறு சிக்கிக்கிச்சு" என்று குரல் வரும். அப்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். யாரும் சிரிக்கக் கூடாது, ஆசிரியர் ஓடிப்போகக் கூடாது. அந்த வாரப் பொறுப்பை ஏற்றிருக்கும் டியூட்டி அணியின் துணைத்தலைவர் முன்னால் வந்து கொடியை மார்பளவுக்கு இறக்கி, பிரித்து, விரித்தபடியே மேலே ஏற்றுவார். மற்றவர்கள் அலர்ட்டிலேயே நிற்பார்கள்.

கொடிச் சுருளுக்குள் பூ இதழ் வைக்கும் வழக்கத்தை வாராவாரம் வைத்துக்கொள்ள வேண்டாம். பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவான நவம்பர் 7, உலகில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிறந்த பிப்ரவரி 22 போன்ற நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாமந்தி இதழ் நல்லது, ஈரம் உலர்த்தியதாக இருக்கட்டும். ரோஜா இதழ் கொடியில் சாயம் விட்டுவிடும்.

தொடக்கம் இப்படி நடக்கட்டும். டியூட்டி அணி கால் மணி நேரம் முன்பே வந்து இடத்தைப் பெருக்கி, கொடியைக் கட்டி முடித்திருக்கும். பிள்ளைகளில் ஒருவரான படைத்தலைவர் விசிலைக் குறுக்கிக் குறுக்கித் தொடர்ந்து ஊதினால் எல்லோரும் ஓடிவந்து கூட வேண்டும். ஒரு நீண்ட ஊதல் என்றால் அமைதி. இவை பேடன் பவல் காலத்து விசில் குறிப்புகள், இன்றைக்கும் மாறவில்லை. பிள்ளைகள் லாட வடிவத்தில் நிற்பார்கள். எங்கள் படையில் ஒவ்வொரு அணியின் வலக்கோடியில் அணித்தலைவரும் இடக்கோடியில் துணைத்தலைவரும் நிற்பது வழக்கம். அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர், நாலு அணி என்றால் லாடம் அழகாக அமையும். ஆள் குறைந்தால் இடைவெளியைக் கூட்டாதீர்கள், லாடத்தைச் சுருக்கிவிடுங்கள்.

முதலில் இறைவணக்கம். "தயா கர்" என்று நாம் எல்லோரும் சொல்கிற அந்தப் பாட்டை 90 நொடியில் பாடி முடிக்க வேண்டும். நம் பிள்ளைகள் இழுத்து இழுத்துப் பாடுவார்கள், அதனால் பயிற்சியின்போது கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு இந்தியில் இருப்பதால் மனப்பாடம் செய்வது மட்டும் நடந்து நின்றுவிடக் கூடாது. நம்மிடம் கருணையும் பக்தியும் சேவை மனமும் இருக்கட்டும் என்று கேட்கிற பாட்டு அது என்று ஒருநாள் உட்கார்த்தி வைத்துச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு அவர்கள் பாடுவதே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது கொடி. வாராந்தரக் கூட்டத்தில் டியூட்டி அணித்தலைவரே கொடியை விரிக்கட்டும். கம்பத்துக்கு நடந்துபோய், கயிற்றை அவிழ்த்து, ஒரே இழுப்பு. பிறகு ஓர் அடி பின்னால் வந்து வணக்கம் வைப்பார், படையும் அவரோடு வணக்கம் வைக்கும். அதன்பின் 45 நொடியில் கொடிப்பாடல். விருந்தினர் வந்தால் அவரை விரிக்கச் சொல்லலாம், அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரு விருந்தினரைத் தேடிக் கூப்பிட்டு, அவர் வரும் வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, பிறகு மைக் பிடித்துப் பேச வைக்கிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பிள்ளைகள் கட்டிய கொடியைப் பிள்ளைகள்தான் விரிக்க வேண்டும்.

சென்னையில் 1916, 1917 வாக்கில் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென்று சாரணர் சங்கம் தொடங்கியபோது, பிள்ளைகள் தலைப்பாகை கட்டி நம் நாட்டுப் பாடல்களைப் பாடினார்கள். அதை நினைத்து நாங்கள் கொடிப்பாடலுக்குப் பிறகு ஒரு குறள் சேர்த்துக்கொண்டோம். எந்தக் குறள் என்பதை டியூட்டி அணிதான் தேர்ந்தெடுக்கும், பொருளையும் அவர்களே சொல்வார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது.

பிறகு பார்வையிடல். இதை அணித்தலைவர்கள் தங்கள் அணிக்குச் செய்யட்டும், நீங்கள் பின்னால் நடந்தால் போதும். வாரம் ஒரு பொருளைப் பாருங்கள்: ஒரு வாரம் நகம், ஒரு வாரம் கைக்குட்டை, இன்னொரு வாரம் பையில் முடிச்சுக் கயிறு இருக்கிறதா என்று. எல்லாவற்றையும் எல்லா வாரமும் பார்த்தால் பிள்ளைகள் பயப்படுவார்கள், பயந்தால் வராமல் நின்றுவிடுவார்கள். முழுச் சீருடை வாங்க முடியாத வீடு நம் ஊரில் நிறைய. கழுத்தில் ஸ்கார்ஃபும் அதைப் பிடித்து நிறுத்தும் வாகிளும் இருந்தால் அவன் சாரணன்தான். "ஷூ எங்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்காக அடுத்த வாரம் வராமல் போகிற பிள்ளை உண்டு.

அணித்தலைவர் முன்னால் வந்து வருகையைச் சொல்வார். "எட்டில் ஏழு பேர் வந்திருக்கோம் சார், ஒருத்தனுக்குக் காய்ச்சல்." காய்ச்சல் என்றால் யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். யாரும் போகவில்லை என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அணியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும். வருகைப் பதிவேடு நிரப்புவதைவிட எனக்கு இது முக்கியம்.

இனி முடிப்பது. இங்கேதான் பெரும்பாலான படைகள் தடுமாறுகின்றன, ஏனென்றால் விளையாட்டு நீண்டுவிடும். எங்கள் பிள்ளைகள் சிலர் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு இருட்டிவிடும். அதனால் ஐந்தேகாலுக்கு என்ன விளையாட்டு நடந்தாலும் படைத்தலைவர் நீண்ட விசில் ஊதுவார். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு, எனக்கு எதிராகவும் உண்டு.

அறிவிப்புகளைச் சுருக்கமாக முடித்துவிட்டு, பிள்ளைகளை லாடத்திலேயே உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். சாரண ஆசிரியர் பேசும் நேரம் கூட்டத்தில் இது ஒன்றுதான், இதை அறிவுரையால் நிரப்பிவிடாதீர்கள். ஊர் விஷயம் ஒன்று, அதிலிருந்து ஒரு கேள்வி, அவ்வளவுதான். நான் அடிக்கடி எடுப்பது 1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகைக் கட்டுப்பாடு அவர்கள் நம்பிக்கையைத் தொட்டது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆனால் காலையிலேயே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப் படை வந்துவிட்டது. சுமார் 25 கிலோமீட்டர் தூரம். "போன் கிடையாது, செய்தி எப்படிப் போயிருக்கும்? நீங்க அந்தச் சிப்பாய்களோட நின்னிருந்தா எந்த வழியை அடைச்சிருப்பீங்க?" என்று கேட்டால் போதும். அடுத்த வாரம் பாலாற்றங்கரை வரைபடமே போட்டுக்கொண்டு வருவார்கள். இன்னொரு நாள் 2021 நவம்பர் பாலாற்று வெள்ளம். யார் தெருவில் தண்ணீர் வந்தது, யார் யாருக்குச் சோறு கொடுத்தார்கள் என்று அவர்களே சொல்வார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

பேச்சு முடிந்ததும் எல்லோரும் எழுந்து அலர்ட்டில் நிற்க, டியூட்டி அணி கொடியை இறக்கும். ஏற்றியதைவிட மெதுவாக இறக்கச் சொல்லுங்கள், தரையில் படாமல் இருவர் ஏந்திக்கொள்ள வேண்டும். பிறகு தேசிய கீதம், 52 நொடி. ஒருவர் சுருதி பிடித்துத் தொடங்கினால்தான் எல்லோரும் ஒன்றாகப் பாட முடியும், அந்த ஒருவரை முன்பே தீர்மானியுங்கள். கலைந்து செல்லக் கட்டளை கொடுப்பவர் படைத்தலைவர். கலைந்த பிறகு இடக்கைக் குலுக்கல், அப்புறம் பஸ் நிறுத்தம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகிவிடும். கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு வாளியில் மணல் நிரப்பி மூங்கில் கம்பில் கொடியை நிறுத்துங்கள். லாடம் சின்னதாக இருக்கும், வரிசை அதேதான்.

புதிய பிள்ளை உறுதிமொழி எடுக்கும் நாளில் தொடக்கத்துக்குப் பிறகு உடனே அதை வையுங்கள், கடைசியில் வைத்தால் அவசரமாகிவிடும். உறுதிமொழியில் கடவுள் என்ற இடத்தில் தர்மம் என்று சொல்லவும் இடமுண்டு. எது வேண்டும் என்று பிள்ளையையும் வீட்டாரையும் முன்னாலேயே கேட்டு வையுங்கள், மேடையில் கேட்காதீர்கள். ஒன்பது சாரணர் சட்டங்களையும் ஒப்பிக்க வைப்பதைவிட, அவனுக்குக் கடினமாகத் தோன்றும் ஒன்றைப் பற்றி முந்தின வாரம் தனியாகப் பேசுங்கள். முடிந்தால் அம்மா, அப்பாவை வரச் சொல்லுங்கள். தறியை நிறுத்திவிட்டு வருவார்கள், ஆகவே சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுங்கள்.

சாரணரின் சிறு பிள்ளைகள் பிரிவான குருளையருக்கு இதெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு வட்டமும், தங்கள் தலைவரான அகேலாவைப் பார்த்து எல்லோரும் ஒன்றாகப் போடும் அந்தப் பெரும் ஊளையும்தான் தொடக்கம். சிறு பிள்ளைகளை நீண்ட நேரம் அலர்ட்டில் நிறுத்தக் கூடாது.

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் போன பிறகு டியூட்டி அணித்தலைவரும் அடுத்த வாரத்து அணித்தலைவரும் கொடிப்பெட்டியை ஒன்றாகத் திறந்து பார்க்கட்டும். கொடி ஈரமாக இருந்தால் மடிக்காமல் விரித்துக் காயப் போட வேண்டும். கயிற்றில் பிசிறு இருந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். விசில், கொடி, கயிறு, கப்பி எண்ணெய் நான்கையும் சரிபார்த்துவிட்டுப் பெட்டிச் சாவியை அடுத்தவரிடம் கொடுப்பார். அடுத்த வாரத்துக் குறளை யார் சொல்வது என்பதையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.