நாமே கட்டிய விமானத்தில் கை வைக்கும்போது நடக்கும் தவறுகள்

1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் ஒரு சின்ன விமானம் விழுந்து நொறுங்கியது. ஓட்டிய பாடகர் ஜான் டென்வர் இறந்துபோனார். விமானம் பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸீ. வரைபடத்தை வாங்கி ஒருவர் சொந்தமாகக் கட்டியது. டென்வர் அதை விலைக்கு வாங்கியவர்தான். கைக்கு வந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

ரூட்டனின் வரைபடப்படி, எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். காக்பிட்டுக்குள் பெட்ரோல் குழாய் ஓட வேண்டாமே என்ற யோசனை. தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. ஆனால் பறக்கும்போது அந்த வால்வைத் திருப்ப, வலது கையைக் கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து எடுத்து, உடம்பை இடப்பக்கம் முறுக்கி, தோளுக்கு மேலாகப் பின்னால் எட்ட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து செய்து பாருங்கள். உடம்பு இடப்பக்கம் திரும்பும்போது வலது கால் தானாகத் தரையில் ஊன்றும். விமானத்தில் அந்தக் காலுக்கு அடியில் இருப்பது வலது ரடர் பெடல். அழுத்தினால் வாலில் உள்ள ரடர் பலகை திரும்பி, விமானத்தின் மூக்கை வலப்பக்கம் தள்ளும்.

புறப்படும் முன்பே டென்வருக்கு அந்தக் கைப்பிடி எட்டவில்லை. பூட்டுப் பிளையர் ஒன்றை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், அப்போதும் எட்டவில்லை. பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்கள் பின்னால் இருந்தன. அவற்றில் அளவுக் கோடுகளும் இல்லை. அதைப் பார்க்க ஒரு சின்ன முகக்கண்ணாடி கொடுத்தார் மெக்கானிக். பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார் டென்வர். சில நூறு அடி உயரத்தில் வால்வைத் திருப்ப முயன்றபோது கட்டுப்பாடு போனது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானியின் தவறுகளோடு அந்த வால்வின் இடத்தையும், அளவு குறிக்காத கண்ணாடிக் குழாய்களையும், இந்த வகை விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததையும் சேர்த்தே எழுதியது.

வால்வை இடம் மாற்றியது சட்ட விரோதமா என்றால், இல்லை. இந்தத் துறையில் இறங்குபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

அமெரிக்காவில், தொழிற்சாலையில் செய்த செஸ்னா போன்ற விமானத்தில் ஒரு கருவியை மாற்ற வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பாகம், உரிமம் பெற்ற மெக்கானிக், கையெழுத்து என்று வரிசையாக வேண்டும். பெரும்பகுதியை அமெச்சூர்கள் கட்டியது என்று காட்டி 'எக்ஸ்பெரிமென்டல்' (சோதனை வகை) சான்றிதழ் வாங்கிய விமானத்துக்கு இது எதுவும் கிடையாது. கட்டியவர், வாங்கியவர், பக்கத்து ஹாங்கர்காரர் (பக்கத்து விமானக் கொட்டகைக்காரர்) யார் வேண்டுமானாலும் ஸ்பானரை எடுக்கலாம். எந்தப் பாகத்தையும் மாற்றலாம். கேள்வி கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்துத்தான் சட்டம் நம் தலையில் கட்டியிருக்கிறது. நான் பார்த்த தவறுகளில் பாதி இது புரியாததால் வந்தவை.

காகிதத்தைப் படிக்காமல் விடுவது

விமானத்தோடு 'ஆபரேட்டிங் லிமிடேஷன்ஸ்', அதாவது அதை எப்படி இயக்கலாம் என்ற வரம்புகள், சில பக்கங்களாக வரும். சான்றிதழின் ஒரு பகுதி அது. விமானத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக எழுதித் தருவது என்பதால், 1990-களில் வந்த பக்கங்களும் இப்போது வருபவையும் ஒன்றாக இருக்காது. நண்பரின் விமானத்துக்கு என்ன விதி என்று கேட்டுக்கொண்டு தன் விமானத்தில் வேலை செய்பவர்கள் நிறையப் பேர். பழைய விமானம் வாங்குகிறவர் இன்ஜினைப் பார்க்கும் முன் இந்தப் பக்கங்களைப் பார்ப்பது நல்லது.

12 மாதத்துக்கு ஒருமுறை விமானத்தின் நிலையைப் பார்க்க நடக்க வேண்டிய 'கண்டிஷன் இன்ஸ்பெக்ஷன்' பற்றியும் அதில்தான் இருக்கும். வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் இந்தச் சோதனையில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட முடியாது. கட்டியவர் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் அவர் போடலாம். இல்லாவிட்டால் பொதுவாக 'ஏ அண்ட் பி' (விமான உடல், இன்ஜின் இரண்டுக்குமான) உரிமம் உள்ள மெக்கானிக் வேண்டும். விமானத்தை விற்றால் இந்த ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கியவருக்குப் போகாது. 'கட்டியவரே மெக்கானிக் மாதிரி, எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்' என்று நம்பி வாங்கியவர், அடுத்த வருடம் கையெழுத்துக்கு ஆள் தேடி அலைவார். தான் பார்க்காத பசை, தான் அடிக்காத ரிவெட் என்று தயங்கும் மெக்கானிக்குகளைக் குறை சொல்ல முடியாது.

'சின்ன மாற்றம்தானே'

அமெரிக்க விமான விதிமுறை 21.93 சின்ன மாற்றம் எது என்று சொல்லியிருக்கிறது: எடை, சமநிலை, கட்டமைப்பின் வலிமை, நம்பகத்தன்மை, பறக்கும் குணம் ஆகியவற்றை உணரத்தக்க அளவில் பாதிக்காதது. மற்றதெல்லாம் பெரிய மாற்றம். நிலையான புரொபெல்லரைக் கழற்றிவிட்டு, கோணம் மாறும் புரொபெல்லர் போட்டால் அது பெரிய மாற்றம்தான், வேலை ஒரு சனிக்கிழமையில் முடிந்திருந்தாலும் சரி.

பெரிய மாற்றம் செய்தால் பெரும்பாலான விமானங்களின் காகிதம் சொல்வது இது: அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் உள்ளூர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, எந்த வான்பகுதியில் சோதிக்கலாம் என்ற பதிலை எழுத்தில் வாங்கி, குறைந்தது 5 மணி நேரம் பயணி இல்லாமல் பறந்து பார்த்து, அதை லாக்புக்கில் எழுத வேண்டும். இதைச் சடங்காக நினைத்து 5 மணி நேரம் விமான நிலையத்தைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. மாற்றிய பொருள் எதைப் பாதிக்கும் என்று எழுதிவைத்து, ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது), ஏறும் வேகம், சிலிண்டர் வெப்பம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அந்த நேரத்துக்கு அர்த்தம்.

எடைக் கணக்கை மனதில் போடுவது

முன்பக்கம் இடம் போதவில்லை என்று 10 பவுண்டு பேட்டரியை 90 அங்குலம் பின்னால் தள்ளி வைக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 10 பெருக்கல் 90, 900 இன்ச்-பவுண்டு. விமானத்தின் மொத்த எடை 1,600 பவுண்டு என்றால் ஈர்ப்பு மையம் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் போய்விட்டது. இத்தனைக்கும் எடை ஒரு அவுன்ஸ்கூடக் கூடவில்லை. அனுமதித்த எல்லையே சில அங்குலம்தான் என்னும்போது இது சும்மா இல்லை. அப்புறம் பின் சீட்டில் கனமான நண்பர், அவருடைய பை. முன் டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய சில விமானங்களில் மையம் இன்னும் பின்னால் நகரும். மையம் பின்னால் போன விமானம் ஸ்டாலிலிருந்து மீள அடம் பிடிக்கும். நான்கைந்து சின்ன வேலைகள் சேர்ந்திருந்தால் கூட்டல் கழித்தலை நம்பாமல் தராசில் ஏற்றிவிடுவது மேல்.

பெயின்ட்டும் எடைதான். எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ரடருக்கும் அழகாக இன்னொரு கோட் அடித்தால், கீலுக்குப் பின்னால் எடை கூடி அந்தப் பரப்பின் சமநிலை கெடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அது படபடவென்று அதிர ஆரம்பிக்கலாம். ஃப்ளட்டர் என்ற அந்த அதிர்வு, விமானி என்ன ஏது என்று யோசிப்பதற்குள் வாலைப் பிய்த்துவிடும். பெரிய இன்ஜின் போடுகிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். குதிரைசக்தி கூடினாலும் உச்ச வேக வரம்பு உயராது. அதிலும் ஃப்ளட்டருக்குக் கணக்கு, காற்றில் விமானத்தின் உண்மை வேகம். 20,000 அடியில் வேக மீட்டர் 150 நாட் காட்டும்போது உண்மை வேகம் 205 நாட் பக்கம் இருக்கும். டர்போ போட்டு உயரே போகிறவர் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு 'வரம்புக்குள்தான் இருக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பெட்ரோல் பாதையில் விளையாடுவது

புதிய ஃபில்டர், புதிய பம்ப், வேறு வளைவில் குழாய் என்று எதை மாற்றினாலும் ஓட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். பம்ப் உள்ள விமானத்தில் டேக்-ஆஃபின்போது இன்ஜின் குடிப்பதில் 125 சதவீதமும், புவியீர்ப்பில் இறங்குவதில் 150 சதவீதமும் வர வேண்டும் என்பது நடைமுறை. மணிக்கு 14 கேலன் குடிக்கும் இன்ஜினுக்கு முறையே 17.5, 21 கேலன். மூக்கு ஏறும் கோணத்தில் தூக்கி நிற்கும்படி வைத்து, டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் விட்டு, வாளியும் கடிகாரமும் வைத்து அளக்கலாம். தரையில் சமமாக நிற்கும்போது நன்றாக ஓடுகிறதே என்று விட்டவர்கள், டேக்-ஆஃபில் இன்ஜின் இருமும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். கார் பெட்ரோல் போடச் சட்டம் தடுக்காது. ஆனால் எத்தனால் கலந்தது டேங்க் சீலன்ட்டையும் ரப்பரையும் என்ன செய்யும், சூடான இன்ஜின் அறைக்குள் குழாயிலேயே ஆவியாகி அடைக்குமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பொருத்துகளில் நீலக் கறை தெரிந்தால் அது 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோல் கசிந்து காய்ந்த தடம். துடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நட்டு, போல்ட்டு

கடையில் கிடைத்த பளபள போல்ட்டைப் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நடப்பது வேறு. ஒருமுறை ஒரு ஹாங்கரில் எலிவேட்டரைத் தள்ளும் கம்பியின் மூட்டைப் பார்த்தேன். சரியான விமான போல்ட், புதியது. மேலே நைலான் வளையம் வைத்த நட். மூட்டு ஆடும்போது போல்ட்டும் கூடவே சுழலும் இடம் அது. அங்கே நைலான் பிடி போதாது. துளையிட்ட போல்ட், காடி வெட்டிய நட், நடுவே ஸ்ப்ளிட் பின் வேண்டும். விரலால் நட்டைத் தொட்டேன், சுழன்றது. விமானம் மறுநாள் பறப்பதாக இருந்தது.

எவ்வளவு இறுக்கினோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்சிலும் ஒரு விஷயம் உண்டு. 3/16 அங்குல ஏ.என்.3 போல்ட்டுக்கு 20 முதல் 25 இன்ச்-பவுண்டு என்று அட்டவணையில் இருக்கும். நைலான் நட் தளர்வாகத் திரும்பும்போதே சில இன்ச்-பவுண்டு தின்றுவிடும். அதை முதலில் அளந்து கூட்டிக்கொள்ளாவிட்டால், 'கிளிக்' சத்தம் கேட்டும் போல்ட் போதிய அளவு இறுகியிருக்காது.

அவசர ரேடியோ பீக்கனை 12 மாதத்துக்கு ஒருமுறையும், ரேடாருக்குப் பதில் தரும் டிரான்ஸ்பாண்டரை 24 மாதத்துக்கு ஒருமுறையும் சோதிக்கும் கடமை எக்ஸ்பெரிமென்டல் என்பதால் போய்விடாது. பலர் கண்டிஷன் இன்ஸ்பெக்ஷனில் எல்லாம் அடங்கிவிட்டதாக நினைக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் கட்டியவரின் கண் தன் தவறைப் பார்க்காது, ஏனென்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் ஈ.ஏ.ஏ. சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் இலவசமாக வந்து பார்ப்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பக்கத்து ஹாங்கர்காரரையாவது கூப்பிடுங்கள். கட்டுப்பாட்டுக் கம்பிகளைக் கழற்றி மாட்டியிருந்தால் அவரை இறக்கை பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் காக்பிட்டில் உட்காருங்கள். குச்சியைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே தூக்கி வையுங்கள். இடப்பக்கம் சாய்த்தால் கட்டைவிரல் இடப்பக்கம் காட்டும். மேலே எழ வேண்டியது அந்தப் பக்கத்து ஏலரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை. அவர் 'ஏறுகிறது' என்று குரல் கொடுக்கட்டும், நீங்கள் கேட்காமலே. அடுத்தது வலப்பக்கம்.