கியோட்டோவில் சகுரா பார்க்க ஒரு நாள்: முதல் முறை போகிறவர்களுக்கு

வசந்த காலத்தில் ஜப்பானுக்கு முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் கியோட்டோவின் நான்கு மூலைகளையும் பார்த்துவிடத் திட்டம் போடுகிறார்கள். பாதி நாள் பேருந்துக்காக நிற்பதிலேயே போய்விடும். நான் சொல்லப்போவது வேறு வழி. நகரின் கிழக்கு ஓரத்தில் ஒரு கால்வாய் ஓடுகிறது. காலையில் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால், பூவும் கோயிலும் பழைய கியோட்டோவும் தானாக வழியில் வந்து சேரும்.

படி 1: தேதி

சகுரா, அதாவது செர்ரிப் பூ, மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முழுதாகப் பூக்கும். அந்த நிலைக்கு மான்காய் என்று பெயர். அது ஒரு வாரம் நின்றால் அதிகம். நல்ல மழையோ காற்றோ வந்தால் அதுகூட இல்லை. ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். 2021இல் மார்ச் 26ஆம் தேதியே முழுப் பூப்பு வந்துவிட்டது. அதுவரை இருந்த 1,200 ஆண்டுக்கும் மேலான பதிவுகளில் அதுதான் மிக முந்தியது. அதனால் கியோட்டோவுக்கு நான்கைந்து நாள் ஒதுக்கிக்கொண்டு, எந்த நாளில் நடப்பது என்பதை அங்கே போய் மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நீங்கள் போவதற்குள் பூ உதிர்ந்துவிட்டால் நின்னாஜி கோயிலுக்குப் போங்கள். அங்குள்ள ஒமுரோ சகுரா குட்டையான மரம், மற்றவற்றைவிடத் தாமதமாகப் பூக்கும். பூக்கள் முகத்துக்கு நேராகவே இருக்கும்.

படி 2: விடியற்காலையில் கெஆகே

இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து கராசுமா சுரங்க ரயிலில் ஏறி, கராசுமா ஒயிக்கேயில் தோசாய் பாதைக்கு மாறி, கெஆகே நிலையத்தில் இறங்குங்கள். இக்கோக்கா அட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தால் ரயிலுக்கும் பேருந்துக்கும் அதுவே போதும். காலையில் குளிரும், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று வேண்டும்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே பழைய தண்டவாளம் ஒன்று சரிவாக ஏறுகிறது. நீளம் 582 மீட்டர், இரு பக்கமும் செர்ரி மரங்கள். கட்டணம் இல்லை, வாசல் கதவும் இல்லை. இது ரயில் ஓடிய பாதை அல்ல, படகுகள் போன பாதை! 1869இல் தலைநகரம் டோக்கியோவுக்குப் போனபின் கியோட்டோ களையிழந்தது. ஊரை மீட்க பிவா ஏரியிலிருந்து கால்வாய் வெட்டினார்கள்; 1890இல் வேலை முடிந்தது. பொறுப்பேற்ற பொறியாளர் தானாபே சாகுரோ அப்போதுதான் படிப்பை முடித்த இளைஞர். இந்தச் சரிவில் படகு மிதக்க முடியாது என்பதால் படகை வண்டியில் ஏற்றி, தண்டவாளத்தில் இழுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் அந்தத் தண்டவாளம் வெறும் போட்டோ எடுக்கும் இடமாகத் தெரியாது. சரளைக்கல் பாதை, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும்.

படி 3: நான்சென்ஜி

அங்கிருந்து பத்து நிமிட நடை. 1628இல் கட்டிய பெரிய மர வாயிலைக் கடந்து உள்ளே போனால், செங்கல் வளைவுகளோடு ஒரு நீர்ப்பாலம் நிற்கும். பெயர் சுயிரோகாக்கு. பக்கத்துப் படிக்கட்டில் ஏறிப் பாருங்கள். காலையில் சந்தித்த அதே கால்வாயின் தண்ணீர் இன்றைக்கும் மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. கோயில் வளாகத்தையும் பாலத்தையும் பார்க்கக் கட்டணம் இல்லை.

இந்தப் பகுதியில் யுதோஃபு, அதாவது வெந்நீரில் சூடாக்கிய தோஃபு, பேர்போனது. சைவம் சாப்பிடுகிறவர்கள் தொட்டுக்கொள்ளும் சாற்றைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஜப்பானில் பல சாறுகளில், பெரும்பாலும் காய்ந்த மீனிலிருந்து எடுக்கும் அடிச்சாறு சேரும். அதற்கு தாஷி என்று பெயர். அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள்.

படி 4: தத்துவவாதியின் பாதை

எய்கான்தோ கோயிலைத் தாண்டி வடக்கே போனால் பாதை தொடங்கும். எய்கான்தோ இலையுதிர் காலத்துக்கான இடம், இப்போது விட்டுவிடலாம். கால்வாய்க் கரையோரமாகப் போகும் பாதை, ஏறக்குறைய 2 கிலோமீட்டர். தத்துவப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ இங்கே நடந்து சிந்தித்ததால் இந்தப் பெயர். ஓவியர் ஹாஷிமொதோ கான்செட்சுவும் அவர் மனைவியும் 1921இல் கொடுத்த மரக்கன்றுகளிலிருந்துதான் இந்த மரவரிசை வந்தது.

பலர் வடக்கு முனையிலுள்ள கின்காகுஜி (Ginkaku-ji) கோயிலில் தொடங்கித் தெற்கே வருவார்கள். நீங்கள் தெற்கிலிருந்து வடக்கே நடங்கள். கியோட்டோவின் ஆறுகள் தெற்கே ஓடும், இந்தக் கால்வாய் மட்டும் வடக்கே ஓடும். அப்போது உதிர்ந்த இதழ்கள் உங்களோடு கூடவே மிதந்து வரும். இதழ்கள் திரண்டு நீரை மூடிவிட்டால் அதை ஹனஇக்காதா, பூத்தெப்பம், என்கிறார்கள். முழுப் பூப்பைத் தவறவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போனாலும் கவலை வேண்டாம், எனக்கு அந்தத் தெப்பம்தான் மரத்திலிருக்கும் பூவைவிடப் பிடிக்கும்.

படத்துக்காகக் கிளையை வளைக்காதீர்கள், உலுக்காதீர்கள். பாதை குறுகலானது, நிற்க வேண்டுமென்றால் ஓரமாக நில்லுங்கள். குப்பைத்தொட்டி அரிது, ஒரு பை கையில் இருக்கட்டும்.

பாதை முடியும் இடத்தில் கின்காகுஜி. வெள்ளிக் கோயில் என்று பெயர்தான், வெள்ளித் தகடு எதுவும் கிடையாது. மணல் தோட்டமும் பாசியும் பார்க்க வேண்டியவை.

படி 5: மதியம் ஓய்வு, மாலையில் மருயாமா

அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் அறைக்குப் போய்க் காலை நீட்டுங்கள், மாலைக்கு அந்தத் தெம்பு வேண்டும். கின்காகுஜி பக்கத்திலிருந்து 203ஆம் எண் பேருந்து கியோன் என்ற பழைய பகுதி வழியாகப் போகும். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் காசு கொடுக்க வேண்டும்.

இருட்டும் நேரத்துக்கு கியோனில் இறங்கி, யாசகா ஆலயத்துக்குள் புகுந்து பின்பக்கம் போனால் மருயாமா பூங்கா. நடுவில் கிளைகள் தரையை நோக்கித் தொங்கும் ஒரு பெரிய செர்ரி மரம். பழைய மரம் 1947இல் பட்டுப்போனது. அதன் வழிவந்த கன்றை 1949இல் நட்டார்கள். இரவில் விளக்கு போடுவார்கள். மரத்தடியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

திரும்பும்போது கியோனின் சிறு சந்துகளில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து நடங்கள். தனியார் சந்துகளுக்குள் போகக் கூடாது, 10,000 யென் அபராதம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வழியில் கெய்கோவோ (பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்) மைகோவோ (அந்தக் கலையைப் பயில்பவர்) எதிரே வந்தால் வழிமறித்துப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள்.