பழைய ரோடு சைக்கிளை ஃபிக்சியாக்க: எந்தச் சக்கரம் தாங்கும், எதில் காசு போடலாம்

சக்கரம் வாங்கப் போனால் கண் முதலில் ரிம்மின் நிறத்தில்தான் போய் நிற்கும். பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பில், பல்சக்கரம் ஏறும் மரையை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபிக்சி என்பது மிதியும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் ஒற்றைக் கியர் சைக்கிள்; அதற்கு அந்த மரைதான் உயிர். ரிம் கோணினால் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். கம்பி அறுந்தால் அந்த ஒன்றை மாற்றலாம். ஹப்பின் மரை போனால் சக்கரத்தையே பிரித்துக் கட்டவேண்டியதுதான். அதுவும் சும்மா நிற்கும்போது போகாது; மிதியைப் பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைக்கும் நேரம் பார்த்துத்தான் போகும்.

கையில் காசு குறைவென்றால் அதைப் பின் ஹப்புக்கும், கம்பிகளைச் சரியாக முறுக்கித் தரும் ஆளுக்கும் செலவழியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வாங்கும் முன் அளந்துவிடுங்கள்

ஃபிரேமின் பின்பக்கத்தில் ஆக்சில் உட்காரும் இரண்டு தகடுகளின் உள்முகங்களுக்கு இடையே ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளக்கவும். பழைய 5 கியர் ஃபிரேம் 120 மி.மீ. இருக்கும். 6, 7 கியர் என்றால் 126; அதற்குப் பிந்தையவை 130. மவுண்டன் பைக் 135. ஃபிக்சிக்கான டிராக் ஹப் 120 மி.மீ.க்குச் செய்யப்படுவது. 126 மி.மீ. ஃபிரேமில் அதை வைத்து நட்டை முறுக்கியே தகடுகளை உள்ளே இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தகடுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து ஆக்சிலை வளைக்கும். சில மாதத்தில் ஆக்சில் மரைப் பகுதியில் முறியும். பக்கத்துக்கு 3 மி.மீ. வாஷர் போட்டால் போதும். 130க்குப் பக்கத்துக்கு 5. இரண்டு பக்கமும் சமமாகப் போடுவதால் சக்கரமும் நடுவில் நிற்கும், செயின் கோடும் (ஃபிரேமின் நடுவிலிருந்து செயின் ஓடும் தூரம்) மாறாது. வாஷருக்கும் தகட்டுக்கும் வெளியே நட்டின் மரை முழுவதும் பிடிக்கும் அளவுக்கு ஆக்சில் நீளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 135 மி.மீ. ஃபிரேம் என்றால், 6 போல்ட் டிஸ்க் ஹப்பில் டிஸ்க்குக்குப் பதிலாக போல்ட் போட்டு மாட்டும் பல்சக்கரம் ஒரு நல்ல வழி. அதில் மரைப் பிரச்சினையே இல்லை.

அந்தத் தகட்டில் உள்ள பள்ளம் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் செயினை இழுத்துப் பிடிக்க வழியில்லை. அந்த ஃபிரேமை ஃபிக்சிக்கு எடுக்காமல் விடுவதே மேல்.

முன் ஃபோர்க்கின் இடைவெளி பெரும்பாலும் 100 மி.மீ.தான். ஆனால் சில பழைய ஃபோர்க்குகளின் பள்ளம் 8 மி.மீ. அகலமே இருக்கும். இன்றைய முன் ஆக்சில் 9 மி.மீ.; நுழையாது.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். 622 என்று முடிந்தால் 700சி. 630 என்றால் பழைய 27 அங்குலம். 27 அங்குலச் சைக்கிளுக்கு 700சி சக்கரம் போடலாம், டயர் தெரிவும் அதற்குத்தான் அதிகம். ஆனால் ரிம் 4 மி.மீ. கீழே இறங்கிவிடும். பிரேக் கட்டை அதுவரை எட்டுமா? பிரேக் போல்ட்டின் நடுவிலிருந்து புதிய ரிம்மின் பக்கச்சுவர் நடுவரை அளந்தால் விடை கிடைக்கும். சாதாரண ரோடு பிரேக் 39 முதல் 49 மி.மீ. வரை எட்டும், நீளக் கை கொண்டது 47 முதல் 57 வரை.

பின் ஹப்பை எப்படிப் பார்ப்பது

நல்ல ஹப்பில் பல்சக்கரம் ஏறும் பக்கத்தில் இரண்டு படி இருக்கும். உள்படி பெரியது: 1.37 அங்குலம், வலது மரை. வெளிப்படி சற்றுச் சிறியது, இடது மரை. அதில்தான் பல்சக்கரத்தைப் பூட்டும் வளையமான லாக்ரிங் ஏறும். மிதியைப் பின்னுக்கு அழுத்தும்போது பல்சக்கரம் கழல முயலும். அது லாக்ரிங்கைத் தள்ளும் திசை லாக்ரிங்குக்கு இறுகும் திசை. அதனால் இரண்டும் பூட்டிக்கொள்கின்றன.

மிதிக்காமலே சக்கரத்தை உருளவிடும் பழைய ஃபிரீவீல் ஹப்பில் ஒரே படிதான். அதில் பல்சக்கரத்தை ஏற்றி, மேலே பழைய பாட்டம் பிராக்கெட் (மிதி அச்சு உட்காரும் பகுதி) வளையத்தையும் மரைப் பசையையும் போட்டுச் சமாளிக்கும் வேலை இணையத்தில் நிறையக் கிடக்கிறது. அந்த வளையமும் வலது மரைதான், பல்சக்கரம் கழன்றால் கூடவே கழலும். செய்யாதீர்கள். இதே தவறு ஃபிளிப்ஃப்ளாப் ஹப்பிலும் நடக்கும்: ஒரு பக்கம் ஃபிக்சட், மறுபக்கம் ஃபிரீவீல், இரண்டிலும் உள்மரை ஒரே அளவு. பல்சக்கரம் எந்தப் பக்கத்திலும் அழகாக ஏறிவிடும். மாட்டும் முன் படிகளை எண்ணுங்கள்.

லாக்ரிங்கிலும் 1.29, 1.32 அங்குலம் என இரண்டு அளவு உண்டு. பெரியதைச் சிறிய மரையில் போட்டால் லொடலொடவென்று ஏறும். பிடிப்பதுபோல் இருக்கும், பிடிக்காது. ஹப்போடு சேர்த்தே லாக்ரிங்கையும் வாங்கிவிடுங்கள்.

பேரிங்கில் சீல் செய்த கார்ட்ரிட்ஜ் வகையையே எடுங்கள். கோனும் பால்ரஸும் உள்ள பழைய வகை மட்டமில்லை. ஆனால் அடிக்கடி பிரித்துக் கிரீஸ் போடும் பொறுமை வேண்டும். சிங்கப்பூரில் மழை கேட்டுக்கொண்டா வருகிறது? கார்ட்ரிட்ஜ் என்றால் சீலின் மேல் எண் பொறித்திருக்கும். 6000 2ஆர்எஸ் என்றால் உள்துளை 10, வெளிவட்டம் 26, அகலம் 8 மி.மீ., இரு பக்கமும் ரப்பர் மூடி. அந்த எண்ணைச் சொல்லி எந்தப் பேரிங் கடையிலும் சில வெள்ளிக்கு வாங்கலாம், சைக்கிள் கடைதான் வேண்டும் என்பதில்லை. ஃபார்முலா, நோவாடெக், ஜாய்டெக் போன்ற தைவான் ஹப்புகள் விலைக்கு நன்றாகவே தாங்கும்.

ரிம்: பிரேக் தேயும் முகம் வேண்டும்

2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் பொதுப் பாதைகளில் ஓட்டும் சைக்கிள் எதற்கும் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது இருக்க வேண்டும். ஃபிக்சிக்கும் விலக்கில்லை. எனவே முன் ரிம்முக்குக் கடைசல் பிடித்த வெள்ளிநிறப் பக்கச்சுவர் இருந்தே ஆகவேண்டும். முழுக்க வண்ணம் பூசிய ரிம்மில் பிரேக் கட்டை பெயின்ட்டைச் சுரண்டித் திட்டுத் திட்டாக்கிவிடும். நனைந்தால் பிடிமானமும் போய்விடும். பின்பக்கம் நிறம் வேண்டுமா, போட்டுக்கொள்ளுங்கள், முன்பக்கம் வேண்டாம்.

இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், 32 அல்லது 36 துளை. உடல் கனமானவர்களும் முதுகில் பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் பின்பக்கத்துக்கு 36 எடுக்கலாம். 40 மி.மீ. உயர ரிம் முரட்டுத்தனமாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கனம் கூடும், நீண்ட வால்வுள்ள டியூப் தேட வேண்டும், கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் பக்கக்காற்று அடித்தால் ஹேண்டில் ஆடும். 25 முதல் 30 மி.மீ. உயரமே போதும். ஃபிரேமில் இடமிருந்தால் டயர் 28 மி.மீ. போடுங்கள். பூங்கா இணைப்புப் பாதைகளில் மரவேர் தூக்கிய இடங்களும் வடிகால் மூடிகளும் மெல்லிய டயரை மன்னிப்பதில்லை.

கம்பி ஸ்டெயின்லெஸ், அதை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் பித்தளை. அலுமினிய நிப்பிள் உப்புக்காற்றில் பூத்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கோட்டம் எடுக்கப் போனால் தலை உருண்டுவிடும். காந்தம் வைத்து ஸ்டெயின்லெஸைச் சோதிப்பது ஏமாற்றும்: இழுத்துச் செய்த நல்ல கம்பியிலும் காந்தம் லேசாகப் பிடிக்கும். பின்சக்கரத்தில் கம்பிகள் மூன்று முறை குறுக்கே கடந்து போகவேண்டும். ஃபிக்சியில் விசை முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறி வருவதால், ஹப்பிலிருந்து நேராக ஓடும் கம்பி பின்னால் தாங்காது.

மலிவுச் சக்கரம் ஏன் கம்பியை அறுக்கிறது

இயந்திரம் கட்டிய மலிவுச் சக்கரங்களில் கம்பி தரமாகவே இருந்தாலும் இறுக்கம் குறைவாகவும் ஏறுமாறாகவும் இருக்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் இளகி இறுகும். ஹப்புக்குள் நுழையும் வளைவில் உலோகம் களைத்து, ஒருநாள் டிங் என்று அறும். மறுவாரம் அடுத்தது. கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாங்கும்போதே ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிப் பாருங்கள். டிராக் ஹப்பில் இரு பக்கமும் ஒரே சாய்வு என்பதால் எல்லாக் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். கியர் சக்கரத்தில் இது நடக்காது, ஃபிக்சி சக்கரம் இயல்பாகவே பலமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். ஒன்று டிங், ஒன்று டொப் என்றால் கடைக்காரரிடமே சொல்லி, 100 கிலோ விசையை ஒட்டி எல்லாக் கம்பியையும் சமப்படுத்திக் கோட்டம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் கூலியைச் சக்கரத்தின் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் அனுப்பும் செலவும் சேரும். உள்ளூர்க் கடையின் விலை அப்போது அவ்வளவு கூடுதலாகத் தெரியாது.

பழைய சக்கரம் வாங்கினால் விற்பவரிடம் பல்சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மரை முனைகள் கூராக இருக்க வேண்டும். மழுங்கித் தட்டையாகி இடையில் வெள்ளிநிறப் பொடி படிந்திருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

மாட்டும்போது

மரையில் கிரீஸ் தடவிப் பல்சக்கரத்தைக் கையாலேயே ஏற்றுங்கள். முதல் மூன்று சுற்று தடையில்லாமல் போகவேண்டும். சிக்கினால் மரை குறுக்கே ஏறுகிறது, உடனே திருப்பி எடுங்கள். பிறகு செயின் துண்டு பொருத்திய செயின் சாவியால் நன்றாக இறுக்கி, லாக்ரிங்கை இடப்பக்கமாகச் சுற்றிப் பூட்டுங்கள். ஓட்டிப் பார்க்க ஓர் ஏற்றம் போதும், மேம்பாலம்கூடச் சரி. ஏறும்போது பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் இறுகும். அதனால் லாக்ரிங் தளரும். இறங்குவதற்கு முன் நிறுத்தி அதை மறுபடி முறுக்குங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிடுவதால்தான் பல்சக்கரம் முன்னும் பின்னும் ஆடி ஹப்பின் அலுமினிய மரையைத் தின்கிறது.

டிராக் ஹப்பில் செயின் கோடு 42 மி.மீ. மிதிப் பக்கத்தில் இரண்டு பல்தட்டு உள்ள ரோடு கிராங்கில் உள்தட்டு ஏறக்குறைய 41இல் நிற்கும், வெளித்தட்டு 46இல். தட்டை உள்ளிடத்தில் மாட்டினால் செயின் நேராக ஓடும். கோணலாக ஓடும் செயின் கழன்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும்.

பல் கணக்கில் முன்தட்டு 48, பின் பல்சக்கரம் 16 என்று போடாதீர்கள். சறுக்கி நிறுத்தும்போது டயர் எப்போதும் ஒரே இடத்தில் தேயும். 46க்கு 17 போட்டால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும்.

முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு 15 மி.மீ. ஸ்பேனரால் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், கம்பிகளையும் மறுபடி சுண்டிப் பாருங்கள். ஒலி மாறிய கம்பிக்கு நிப்பிளில் கால் சுற்று போதும். ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டே சுற்றுங்கள். ஆட்டம் அரை மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம்.