வெளிநாட்டில் படித்த செவிலியர் பிரிட்டனில் பதிவு பெறுவது எப்படி?

பிரிட்டனில் பதிவுபெற்ற செவிலியராக வேலை பார்க்க, என்.எம்.சி. எனப்படும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் விலக்கு இல்லை. புதிதாக விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "தேர்வு கடினமா?" என்றுதான். தேர்வு உங்கள் கையில் இருக்கிறது, படித்தால் தேறிவிடலாம். மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பவை பிறர் கையில் இருக்கும் காகிதங்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: பெயரை ஒப்பிடுங்கள்

பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ், உங்கள் நாட்டு செவிலியர் கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ், திருமணமானவர் என்றால் அந்தச் சான்றிதழ். இவற்றை மேசையில் வரிசையாக வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எனக்கு அடி விழுந்தது இங்கேதான். பதிவுச் சான்றிதழில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதன் விரிவு. இரண்டும் ஒரே ஆள் என்று காட்டுவதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. வேறுபாடு கண்ணில் பட்டால் விண்ணப்பிப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: கணக்கைத் தொடங்குங்கள்

என்.எம்.சி. இணையதளத்தில் கணக்கு தொடங்கி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். மதிப்பீட்டுக் கட்டணம் 140 பவுண்டு. (கட்டணங்கள் மாறும், பணம் கட்டுவதற்கு முன் அதே தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) நீங்கள் பதிவுபெற்ற செவிலியர்தான் என்பதை உங்கள் கவுன்சில் நேரடியாக என்.எம்.சி.க்கு உறுதிப்படுத்த வேண்டும். நீங்கள் அனுப்பும் நகல் அதற்கு ஈடாகாது. கவுன்சில் அலுவலகத்தில் யாரிடம் உங்கள் கோப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாரம் ஒருமுறை விசாரியுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேட்பதை நிறுத்தாதீர்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம், பழையதாகிவிட்டால் மறுபடியும் வாங்க நேரும்.

மூன்றாம் படி: ஆங்கிலம்

ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் (பொதுவான ஆங்கிலத் தேர்வு), ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) இரண்டில் ஒன்று போதும். முன்னதில் மொத்தம் 7; வாசித்தல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7, எழுத்தில் 6.5. பின்னதில் மூன்று பிரிவில் பி, எழுத்தில் சி பிளஸ். வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு நான் சொல்வது ஓ.இ.டி.தான். பேச்சுத் தேர்வில் நோயாளியிடம் பேசுகிறீர்கள். எழுத்துத் தேர்வில் நோயாளியின் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதுகிறீர்கள். குறிப்பில் உள்ளதையெல்லாம் கடிதத்தில் கொட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கடிதத்தைப் பெறுகிறவருக்கு எது தேவையோ அதை மட்டும் எழுதிப் பழகுங்கள்.

நான்காம் படி: சி.பி.டி.

கணினியில் எழுதும் இந்தத் தேர்வைப் பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் மையங்களில் உங்கள் நாட்டிலிருந்தே எழுதலாம். முதல் பகுதியில் மருந்தளவுக் கணக்கு 15 கேள்விகள், இரண்டாவதில் செவிலியர் பணி பற்றி 100 கேள்விகள். கணக்குப் பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள். மில்லிகிராமும் மைக்ரோகிராமும் குழம்புவது அங்கேதான். யாராவது "காசு கொடுத்தால் மையத்தில் பார்த்துக்கொள்வார்கள்" என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு மையத்தில் முறைகேடு நடந்ததென்று 2023-இல் என்.எம்.சி. கண்டறிந்த பிறகு, அங்கே தேர்வெழுதியவர்கள் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

ஐந்தாம் படி: ஆஸ்கி

இது பிரிட்டனில் நேரில் நடக்கும் செய்முறைத் தேர்வு, கட்டணம் 794 பவுண்டு. பெரும்பாலும் வேலை கொடுக்கும் மருத்துவமனையே இந்தக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும், வேலை ஒப்பந்தத்தில் பாருங்கள். விசாவில் வருகிறவர்கள் வேலை தொடங்கும் தேதியிலிருந்து 12 வாரத்துக்குள் முதல் முயற்சியை எடுத்தாக வேண்டும். மொத்தம் பத்து நிலையங்கள், அதாவது தனித்தனிச் சோதனைகள்: நோயாளியை மதிப்பிடுதல், பராமரிப்பைத் திட்டமிடுதல், செயல்படுத்துதல், விளைவை ஆராய்தல் என நான்கு, கைத்திறன் நான்கு, எழுத்தில் விடையளிப்பவை இரண்டு.

மதிப்பீட்டு நிலையத்துக்கு நியூஸ் 2 அட்டவணை (மூச்சு, நாடி போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டுவது) தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும். ஓர் உதாரணம். மூச்சு நிமிடத்துக்கு 22 என்றால் 2 புள்ளி. ஆக்சிஜன் செறிவு 95 என்றால் 1. ஆக்சிஜன் கொடுக்கவில்லை, 0. மேல் ரத்த அழுத்தம் 108, அதற்கு 1. நாடி 96, அதற்கும் 1. நல்ல நினைவோடு இருக்கிறார், 0. வெப்பம் 38.4, இன்னொரு 1. கூட்டினால் 6. ஐந்தைத் தொட்டாலே அவசரமாக மருத்துவரை அழைக்க வேண்டும். 7 என்றால் நெருக்கடி நிலை. மூச்சை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், முழு நிமிடமும் எண்ணுங்கள்.

அனுபவசாலிகள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். கை தானாக வேலை செய்யும், வாய் திறக்காது. தேர்வாளர் உங்கள் மனதைப் படிக்க முடியாது. "உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்ல முடியுமா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?" என்று வாய்விட்டுக் கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிட்டு, அதன் பிறகே மருந்தைத் தொடுங்கள். வீட்டில் ஒரு தலையணையைப் படுக்க வைத்து அதனோடு பேசிப் பழகினேன். கூச்சமாக இருந்தாலும் அந்தப் பழக்கம்தான் தேர்வறையில் என்னைக் காப்பாற்றியது. சில நிலையங்களில் தவறினால் மனம் உடையாதீர்கள், தவறியவற்றை மட்டும் மீண்டும் எழுதலாம்.

ஏஜென்ட் பற்றி ஒரு வார்த்தை

பிரிட்டன் சட்டப்படி, வேலை தேடித் தருவதற்காக உங்களிடம் ஏஜென்சி பணம் வாங்கக் கூடாது. யாராவது கேட்டால் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். நெறிமுறையைப் பின்பற்றும் ஏஜென்சிகளின் பட்டியலை என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) எம்ப்ளாயர்ஸ் தளத்தில் வெளியிட்டிருக்கிறார்கள், அதில் தேடிப் பாருங்கள்.

கடைசிப் படி

ஆஸ்கியில் தேறியதும் உடல்நலம், நன்னடத்தை பற்றிய உறுதிமொழிகளை முடித்து 153 பவுண்டு கட்டினால் 'பின்' (PIN) எனப்படும் உங்கள் பதிவு எண் வரும். அதுவரை உதவிப் பணியாளராக நான்காம் பேண்டிலோ (பேண்ட் என்பது சம்பளப் படிநிலை) அதற்குக் கீழோ இருப்பீர்கள். பின் எண் கையில் வந்ததும் என்.எச்.எஸ்.ஸில் ஐந்தாம் பேண்டுக்கு மாறுவீர்கள். பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இணையத்திலேயே இருக்கிறது. உங்கள் பெயர் சரியான எழுத்துகளில் ஏறியிருக்கிறதா என்று அன்றே தேடிப் பாருங்கள். கூடவே ஒரு புது நோட்டில் பணி நேரத்தையும் பயிற்சி நேரத்தையும் குறிக்கத் தொடங்குங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்ட வேண்டும்.